சண்டை ஒட்டாத பலகாரம்

கிட்ட வந்து உட்காருங்க. அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, இன்னும் கொஞ்சம், ஆமாம், அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே. நான் வாயைத் திறந்து பேசப்போவதில்லை, எல்லாம் மனசுக்குள் ஓடுகிற பேச்சுதான், தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் காதில் விழாது. மணி ஆறேகால். ஏழு மணிக்கு என் தங்கச்சி பிரமு வருகிறாள். ஒன்பது வருசம் கழித்து இந்த வீட்டு வாசற்படி ஏறுகிறாள். காலையில் போன் அடித்தது, எடுத்தால், யக்கா, நான் பிரமு பேசுதேன் என்கிறாள், என்னமோ நேற்று ராத்திரி பேசிவிட்டு வைத்தவள் மாதிரி. கண்ணாஸ்பத்திரிக்கு வாரேன், முடிச்சுட்டு ஏழு மணிக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன், எட்டரைக்குத் தூத்துக்குடி பஸ்ஸு, ராத்திரி சோறு எனக்குச் செமிக்கல, அதனால ஆக்கிக்கீக்கி வைக்காத, லேசா என்னமும் இருந்தாப் போதும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் சரி என்றேன். ஒன்பது வருசத்துக்கு ஒரு சரி. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், எப்படி இருக்கேட்டி, கண்ணுல என்ன, யாரு கூட வாரே, ஒன்றுமில்லை, சரி. வைத்த பிறகு போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தோசைக்கல்லைப் போட்டுவிட்டு மாவைத் தேடுகிறவள் மாதிரி. அவள் சின்னதிலிருந்தே கெட்டிக்காரி. நான் அஞ்சாங்கிளாசோடு நின்றேன், அவள் படித்து தபாலாபீசில் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆகிவிட்டாள். கெட்டிக்காரிகள் ஒன்றும் இல்லாமல் போன் பண்ணமாட்டார்கள். ஆனால் பாருங்க, காலையிலிருந்து எனக்குள் ஒரு சந்தோசம், பயமும்தான், ஆனால் சந்தோசம்தான் கூட, வீட்டை ரெண்டு தடவை பெருக்கிவிட்டேன்.

என்ன செய்வது என்றுதான் மத்தியானம் முழுக்க யோசனை. லேசா என்னமும். உப்புமா? உப்புமா கூடாது. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் கிண்டின உப்புமா கட்டி கட்டியாகப் போய், மாப்பிள்ளையின் அம்மா ஒரு கட்டியைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்ததை இவள் பார்த்துவிட்டு, வேணும்னுதான செஞ்ச என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இட்லி என்றால் அம்மாவின் ஆட்டுரல் ஞாபகம் வரும், அது யாருக்கு என்று நடந்த பேச்சு, கடைசியில் யாருக்கும் இல்லாமல் பழைய வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. அடை என்றால் அது என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது, அவர் போனபோது பிரமு வரவில்லை, வரவில்லை என்று இல்லை, வந்து தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள் என்று அப்புறம் சொன்னார்கள், அடையைக் கண்ணில் கண்டால் எனக்கே அழுகை வரும். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைக்கலாம், திருநெல்வேலிக்காரிக்குச் சொதி வைக்காமல் என்ன, ஆனால் சொதிக்கு எத்தனை தேங்காய் என்று நாங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டையில் ஒரு முழு மறுவீட்டு விருந்தே தாமதமாச்சு. இடியாப்பம், வேண்டாம். புட்டு, வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டில் ரெண்டு பொட்டப்பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்தால் எல்லாப் பலகாரத்திலும் ஏதாவது ஒரு சண்டை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்போல, பாத்திரத்தின் அடியில் பிடித்த கரி மாதிரி, எவ்வளவு தேய்த்தாலும் ஒரு வட்டம் இருக்கும். அப்போதுதான் அலமாரியில் அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. பாஸ்தா. எங்கள் ரெண்டு பேருக்கும் அதில் ஒரு சண்டையும் இல்லை, ஒரு பேச்சும் இல்லை. அம்மா அதைச் செய்ததில்லை, அப்பா அதைத் தின்றதில்லை. புதுப் பாத்திரம் மாதிரி. அட, இதுதான் என்று கையைத் தட்டினேன், தனியாக இருக்கிறவளுக்கு இதெல்லாம் பழக்கமாகிவிட்டது.

பாக்கெட்டைக் கொடுத்தது கீழ்வீட்டு ஜெசிந்தா. பேக்கரியில் வேலை பார்க்கிறாள், ஒரு மாசம் முன்னால் கொண்டுவந்து, யம்மா, நீங்களும் ஒருநாள் செஞ்சு பாருங்க என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். நாற்பது வருசமாக வத்தல் வடகம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள் நான், காயப்போட்டதைக் கண்ணால் பார்க்கமாட்டேன், காதால்தான் பார்ப்பேன். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் ஈரம் இருப்பது சொத்துச் சொத்தென்று பேசும், காய்ந்தது கலகலவென்று சிரிக்கும். இது சிரித்தது. ரொம்ப நல்லாச் சிரித்தது, வைகாசி வெயிலில் அஞ்சு நாள் கிடந்த மாதிரி. கோதுமையில் குழல் குழலாகப் பிழிந்து காயவைத்திருக்கிறான், இது சீமை வத்தல், வேறு என்ன, என்று முடிவு கட்டி, எண்ணெயைக் காயவைத்து நாலு குழலைப் போட்டேன். பொரியுமா? அசையவில்லை. எண்ணெய்க்குள் கிடந்து என்னையே பார்த்தது. அப்புறம் கறுத்தது. எடுத்துக் கடித்தேன், கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போயிற்று. ஜெசிந்தாவிடம் சொன்னபோது மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். யம்மா, அது வத்தல் இல்லம்மா, வேக வைக்கணும், பல்லு போச்சுன்னா பேக்கரி மேல கேசு போட்டுறாதிய என்றாள். இன்றைக்கு மத்தியானம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தண்ணி தளதளன்னு கொதிக்கணும், உப்பு தாராளமாப் போடணும், பத்து நிமிசம், அவ்வளவுதான். குழம்புன்னு தனியா ஒண்ணும் வேண்டாம்மா, நல்லாப் பழுத்த தக்காளிய நறுக்கி, உப்பு, எண்ணெய், பூண்டு போட்டுப் பிசறி வச்சிருங்க, அடுப்புல கூட வைக்க வேண்டாம், குழலைச் சூட்டோட சூடா வடிச்சு அது மேல கொட்டிக் கிளறுங்க, சோலி முடிஞ்சு, வயித்துக்கும் லேசு. அவள் சொல்லச் சொல்ல எனக்கு வாயில் ஊறிற்று.

இப்போது பாருங்க, தண்ணீர் அடுப்பில் இருக்கிறது, இன்னும் மௌனமாக இருக்கிறது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன முனகல் வரும், தூக்கத்தில் புரளுகிற பிள்ளை மாதிரி, அது வந்தால் ஒரு பாட்டம் வேலைக்கு நேரம் இருக்கிறது. அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி இல்லை, அது உருளைக்கிழங்கு மாதிரி விறைத்துப்போய் இருக்கும், சாறு இருக்காது. இது அழுத்தினால் அழுத்தின இடம் திரும்பி வராமல் நிற்கிறது, அந்த அளவுக்குப் பழம். சாயங்காலம் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து எடுத்தேன், கடைக்காரன், என்னம்மா தக்காளி வாங்குதியளா பூ வாங்குதியளா என்றான். காம்புப் பக்கத்து வாசம்தான் வாசம், பச்சையாக, கொஞ்சம் கசப்பாக, செடியே கூட வந்துவிட்ட மாதிரி. அறுக்கும்போது சளக்கென்று ஒரு சத்தம், பிறகு விதை வழுக்கித் தட்டில் விழுகிற சத்தம், அது சத்தம்கூட இல்லை. சாறு முழங்கை வரை ஒழுகுகிறது. பூண்டு நாலு பல், நசுக்கியாயிற்று. மிளகு தட்டியாயிற்று. ஏதோ ஒரு இலை போடணும் என்றாள் ஜெசிந்தா, பேர் வாயில் நுழையவில்லை, வாசம் எப்படி இருக்கும் என்று கேட்டால் துளசியும் சோம்பும் கலந்த மாதிரி என்றாள், அடிப் பெண்ணே அது நம்ம திருநீற்றுப்பச்சிலை அல்லவா, என் ஜன்னலில் பெயிண்ட் டப்பாவில் நிற்கிறதே. ஏழெட்டு இலை கிள்ளி வைத்திருக்கிறேன். எண்ணெய்க்கு என்ன, நல்லெண்ணெய். ரயில்வே கேட்டை மூடுகிற மணி அடிக்கிறது. ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. சரியாகச் சொல்லணும் என்றால் இந்த நிமிசத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கை வேலை செய்கிறது, தண்ணீர் முனக ஆரம்பித்துவிட்டது, என் தங்கச்சி வருகிறாள், அவளும் நானும் சண்டையே ஒட்டாத ஒரு பலகாரத்தை, அம்மாவும் அப்பாவும் வாயில் வைக்காத ஒன்றை, தக்காளியை

தக்காளியை.

கை நின்றுவிட்டது பாருங்க. என்னை நானே கேட்கிறேன், ஆவுடை, உனக்கு மண்டைக்குள் என்ன இருக்கிறது, களிமண்ணா. பாஸ்தாவில் சண்டை இல்லை, சரி. தக்காளியில்? மார்க்கெட்டில் மூக்கில் வைத்து வைத்து எடுத்தாயே, ஒரு தடவையாவது தோன்றிற்றா. ஊரில் எத்தனை காய் இருக்கிறது, ஒரு சுரைக்காயை அறுக்கக் கூடாதா, ஒன்பது வருசம் கழித்து வருகிறவளுக்கு முன்னால் போய் தக்காளியைக் கொட்டி வைத்தால் அவள் என்ன நினைப்பாள், அக்கா குத்திக் காட்டுகிறாள் என்று நினைக்கமாட்டாளா, நான்கூட அப்படித்தான் நினைப்பேன். செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள். உங்களுக்குச் சொல்லவில்லை இல்லையா, சொல்லிவிடுகிறேன், தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஒன்பது வருசம் முன்னால், அப்பா செத்து அஞ்சாவது வருசத் திதி. வைகாசி மாசம், இதே வீடு. எங்கள் வீட்டில் திதிச் சமையலுக்கு நாட்டுக்காய்தான், வாழைக்காய், அவரை, சேனை, புடலை. தக்காளி, கோஸ், காரட் எல்லாம் சீமைக்காய், அன்றைக்கு அடுப்பங்கரைக்குள்ளேயே வரக்கூடாது. எல்லாம் ஆக்கி, இலையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வைத்து, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காக்காவைக் கூப்பிடணும். காக்கா வந்து வாய் வைத்தால்தான் அப்பா வந்து சாப்பிட்டார் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் வீட்டில் யாருக்கும் இலை. நான் கூப்பிட்டேன். கா கா என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டேன். எதிர்வீட்டு ஓட்டில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கிறது, தலையைச் சாய்த்து இலையைப் பார்க்கிறது, வரமாட்டேன் என்கிறது. அரைமணி நேரம். ஒரு மணி நேரம். கீழே பிள்ளைகள் பசியில் சிணுங்குகிறது, மாமா மாத்திரை போடணும், எல்லாரும் முகத்தை முகத்தைப் பார்க்கிறார்கள். அப்போது எங்கள் சித்தி, அவள் மூக்கு இருக்கிறதே, ரசத்துக்கு மேல் குனிந்தாள். இதுல யாரு தக்காளி போட்டது என்றாள். ரசம் வைத்தது பிரமு. புளி பத்தல சித்தி, ரெண்டு பழம் கரைச்சு விட்டேன், யோசிக்கல என்றாள், பாவம், நிஜமாகவே யோசிக்கவில்லை, தூத்துக்குடியிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து நின்றவாக்கில் சமைத்தவள். நான் பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். ஒன்னாலதாண்டி அப்பா பட்டினியாத் திரும்பிப் போயிட்டாக. அந்த வார்த்தையை எந்த வாயால் சொன்னேனோ. அவள் கையைக் கழுவினாள், பையை எடுத்தாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனாள். சத்தம் இன்னும் இருக்கிறது காதில், பதினாலு படி, ஒரு படியிலும் நிற்கவில்லை.

தண்ணீர் கொதித்துவிட்டது, பொறுங்க. உப்பு. குழலைக் கொட்டுகிறேன், ஒரு நிமிசம் சத்தமே அடங்கிப்போகிறது, எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, கரண்டியால் எழுப்பி விடணும். தக்காளியை என்ன செய்ய. தட்டில் அப்படியே சிவப்பாக, ரத்தினக்கல் மாதிரி கிடக்கிறது. கொட்ட மனசு வருமா? கிண்ணத்தில் வழித்துப் போட்டு, எண்ணெயும் பூண்டும் உப்பும் ஏற்கெனவே விழுந்தாயிற்று, மூடியைப் போட்டு மூடி, எங்கே வைக்க, அரிசி டப்பாவுக்குப் பின்னால். அதுதான் சரி. அரிவாள்மணையைக் கழுவி, தரையைத் துடைத்து, விதை ஒன்று மேடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வா வெளியே. வெறும் எண்ணெயும் மிளகும் பூண்டும் போட்டு வெள்ளையாகக் கிளறிக் கொடுத்துவிடலாம். லேசா என்னமும் என்றுதானே சொன்னாள், இதைவிட லேசு எது. ஆனாலும் நான் இப்போது ஒளிப்பது தக்காளியை மட்டும் இல்லை, அது உங்களுக்கு எப்படித் தெரியும், யாருக்குமே தெரியாது. கிட்ட உட்கார்ந்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, காய்ந்த வத்தலை அள்ள நான் மாடிக்குப் போனேன். திதி என்று காலையிலேயே வத்தல் பாயை மூலைக்கு இழுத்துவிட்டிருந்தேன். பாயை இழுத்தேனே தவிர, கம்பை எடுக்கவில்லை. கம்பு என்றால், வத்தல் போடுகிறவர்கள் எல்லாரும் கட்டுவதுதான், ஒரு மூங்கில் கம்பில் பிய்ந்துபோன குடையின் கறுப்புத் துணி. காற்றில் அது தொங்கி ஆடுகிறபோது காக்காய்க்குச் செத்த காக்காயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், பக்கத்தில் வராது. நான்தான் கட்டினேன், மூன்று நாள் முன்னால், என் கையாலேயே, இறுக்கி ரெண்டு முடிச்சு. அதற்கு மூணு முழம் தள்ளித்தான் அப்பாவின் இலையை வைத்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வருமா காக்கா? உங்கள் சொந்தக்காரனைத் தொங்கவிட்டு விருந்துக்குக் கூப்பிட்டால் நீங்கள் வருவீர்களா? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு துணியை அவிழ்த்துக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். நாறிக்கொண்டு எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கணும். மறுநாளே சொல்லியிருக்கணும், போனை எடுத்தேன், எண்ணை அழுத்தினேன், அடிப்பதற்குள் வைத்தேன். தீபாவளிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். தீபாவளி வந்தால் நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று பொங்கலுக்குத் தள்ளினேன். ஒரு வருசம் ஆனால் அப்புறம் ஒரு வருசமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும், ரெண்டு வருசம் ஆனால் அது ரெண்டு, இப்படியே சுமை ஏறிக்கொண்டே போனால் எந்த வாய் தூக்கும். அவளும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ஒரு கோபம் வேறு, எனக்கு, யோக்கியத்தைப் பாருங்க. வெந்துவிட்டதா? ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளுகிறேன், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னும் ரெண்டு நிமிசம். கரண்டி பட்டால் முதலில் டொக் டொக்கென்று இருந்தது, இப்போது சத்தம் மெத்தென்று ஆகிக்கொண்டு வருகிறது. நல்லாத்தான் இருக்கிறது இந்த வேலை. சோறு வடிக்கிற மாதிரிதான், தட்டைப் போட்டு, துணி பிடித்து, கஞ்சியைச் சாய்க்கிறேன், ஆவி முகத்தில் அடிக்கிறது, கோதுமை வாசம், ஒரு கரண்டிக் கஞ்சி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் ஜெசிந்தா, எடுத்தாயிற்று. எட்டரைக்குப் பஸ். ஏழு மணிக்கு வந்தால், பஸ் ஸ்டாண்டுக்குப் போக இருபது நிமிசம், எட்டு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவாள். ஒரு மணி நேரம் இருக்கிறது சொல்ல. சொல்லாவிட்டால் அவள் சாப்பிட்டுவிட்டு, நல்லாருந்துச்சுக்கா, வாரேன் என்று போவாள், மரியாதையாக, எங்கள் வீட்டுக்கு வந்த தபால்காரர் மோர் குடித்துவிட்டுப் போகிற மாதிரி. சண்டைகூடப் பரவாயில்லை, அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அப்புறம் இன்னொரு ஒன்பது வருசத்துக்கு எங்கள் ரெண்டு பேரிடமும் எங்கே நேரம் இருக்கிறது.

படி. கேட்டீர்களா. ஒன்று, ரெண்டு. செருப்பு ரப்பர் செருப்பு, வலது கால் கொஞ்சம் கனமாக விழுகிறது, முட்டி வந்துவிட்டது இவளுக்கும். நாலு, அஞ்சு. நிற்கிறாள். மூச்சு வாங்குகிறாள். ஏழாம் படியில் இன்னொரு தடவை நிற்கிறாள். நான் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து நிற்கிறேன், கையில் கரண்டி. தலை முழுக்க நரைத்திருக்கிறது. ஒரு கண்ணில் சொட்டு மருந்து போட்டு, கண் அகலமாக, கறுப்பாக, சின்னப்பிள்ளைக் கண் மாதிரி இருக்கிறது. வாட்டி என்றேன். வந்துட்டேன்க்கா, என்ன படி இது, மலைக்கோயிலா வச்சிருக்கே என்றாள். அவ்வளவுதான். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றினாள். அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நேரே அடுப்பங்கரைக்குள் வந்து, கண் கூசுவதால் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இது என்னது, வடகம் போடுத மாவுல பாம்புக்குட்டியா? பாஸ்தாட்டி என்றேன். ஆவுடையா இது, பாஸ்தாவெல்லாம் செய்யுதே, தெருவுல சொல்லிட்டியா என்றாள். சிரித்தேன். சிரித்த சிரிப்பு சரியாக வரவில்லை, எனக்கே கேட்டது.

தட்டில் போட்டேன், வெள்ளையாக, எண்ணெய் மினுமினுக்க, மிளகு அங்கங்கே. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். என் கையைப் பிடித்து இழுத்து மோந்தாள், நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். கை முழுக்கத் தக்காளி வாசம் அடிக்கு, தட்டுல ஒரு துண்டையும் காணும், எங்க வச்சிருக்கே? இல்லட்டி, மத்தியானம் ரசத்துக்கு... என்று ஆரம்பித்து, ரசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நானே வாயை மூடிக்கொண்டேன். வேறு வார்த்தையே இல்லையா உலகத்தில். அவள் அடுப்பங்கரையை ஒரு சுற்று பார்த்தாள், டப்பா வரிசையைப் பார்த்தாள், நேராகப் போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். எல்லா டப்பாவும் சுவத்தோட ஒட்டியிருக்கு, இது மட்டும் ஒரு சாண் முன்னாடி நிக்கி என்றாள். மூடியைத் திறந்தாள். அரைமணி நேரம் உப்பில் கிடந்து தக்காளி தன் சாறு முழுதையும் விட்டிருக்கிறது, எண்ணெயும் சாறும் கலந்து, பூண்டு வாசம் ஏறி, அறுத்தபோது இருந்ததைவிட நூறு மடங்கு நல்லா இருக்கிறது. பிரமு அதை அப்படியே குழல் மேல் கவிழ்த்தாள். எடுத்து வைத்திருந்த கஞ்சியை ஊற்றினாள், அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பச்சிலையைப் பிய்த்துப் போட்டாள். கிளறினாள். சூடு பட்டதும் தக்காளி வாசம் வீடெல்லாம் எழும்புகிறது. ரெண்டு தட்டில் போட்டு, தரையில் உட்கார்ந்தோம். முட்டி வலிக்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி அம்மாடி என்று உட்கார்ந்தோம்.

சாப்பிடுகிறோம். புளிப்பு முதலில் வருகிறது, பிறகு எண்ணெய், பிறகு மிளகு பின்னாலேயே. குழலுக்குள் சாறு போய் ஒளிந்துகொண்டு கடிக்கும்போது வெளியே வருகிறது. நல்லாருக்குக்கா என்றாள். அவள் வீட்டுக்காரர் காது கேட்காமல் டிவியை அலறவிடுவதைச் சொன்னாள், கண் ஆபரேசனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றாள், அடுத்த செவ்வாய், அதற்குத்தான் இன்றைக்குச் சோதனை. சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால். இப்போது இல்லாவிட்டால் இல்லை. பிரமு என்றேன். ம் என்றாள். அன்னைக்கு மாடியில, வத்தல் கம்புல கொடைத் துணி கட்டியிருந்தேன்ட்டி. எடுக்க மறந்துட்டேன். அதான் காக்கா வரல. தக்காளி இல்ல. நான்தான். சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா அது, நாலு வார்த்தை, இதைத் தூக்கிக்கொண்டா ஒன்பது வருசம் நடந்தேன். அவள் மென்றுகொண்டே இருந்தாள். முழுங்கினாள். தெரியும் என்றாள். என்னது? தெரியும்க்கா, நீ எலைய எடுத்துக்கிட்டு மாடிக்குப் போகும்போது தண்ணிச் செம்போட நான்தான பின்னாடி வந்தேன், பாத்தேன், எடுக்கச் சொல்லலாம்னு வாயெடுக்குமுன்ன சித்தி கீழ இருந்து கூப்பிட்டா, போயிட்டேன், பொறவு நெனப்பே இல்ல, நீ என்னைய வஞ்ச பொறவுதான் நெனப்பு வந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம்லட்டி! சொல்லியிருந்தா? பத்துப் பேரு பசியில நிக்காவ, சித்தி ஒன்னைய உரிச்சுக் கொடைத் துணிக்குப் பதிலாத் தொங்கவிட்டிருப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மிளகு என்று சொல்லலாம். பொறவு ஏன்ட்டி ஒன்பது வருசம்? அவள் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு தக்காளித் துண்டை விரலால் தள்ளித் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தாள். நான் சொன்னா அது சண்டைக்கா, நீ சொல்லணும்னு இருந்தேன், மொத வருசம் கோவமா இருந்தேன், ரெண்டாவது வருசமும் கோவம்தான், அதுக்குப் பொறவு கோவமெல்லாம் இல்ல, எப்படி வாரதுன்னுதான் தெரியல, கண்ணுல பொரை விழுந்துச்சுன்னு டாக்டர் சொன்னதும், அடடே, திருநெல்வேலிக்குப் போறதுக்கு ஒரு சாக்குக் கெடச்சுதுன்னு நெனச்சேன், தூத்துக்குடில கண்ணாஸ்பத்திரி இல்லாமயா கெடக்கு?

பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டேன், அவளுக்கு நாலு குழல் கூட விழுந்திருக்கும். வழித்துச் சாப்பிட்டோம். கையைக் கழுவினாள். ஆபரேசன் முடித்து ஒரு வாரம் சொட்டு மருந்து விடணுமாம், ஒரு நாளைக்கு நாலு தடவை, யார் விடப்போகிறார்கள், காது கேட்காத மனுசனா, இங்கேயே இருக்கச் சொல்லணும், இன்றைக்கே இருக்கச் சொல்லணும், இருட்டிவிட்டது, கண்ணில் மருந்தோடு பஸ்ஸில் எப்படிப் போவாள், இரு என்று ஒரு வார்த்தை, ஆனால் நாலு வார்த்தை சொன்ன களைப்பில் என் வாய் மறுபடியும் பூட்டிக்கொண்டது, எட்டு அடிக்கப்போகிறது, கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நிற்கிறேன். பிரமு கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் பக்கம் கிடந்த பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அந்த அகலக் கண்ணால், கொஞ்ச நேரம். பிறகு கையைத் தோளுக்குக் கொண்டுபோய், வெளியூர்ப் பயணத்துக்கென்று காலையில் முந்தானையில் குத்தின ஊக்கைக் கழற்றி, வாயில் கடித்துக்கொண்டு, மடிப்பை உதறி இடுப்பில் செருகிவிட்டு, ஊக்கைத் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள்.